சூரியன் மேல் போட்ட பழி

காலை ஆறே முக்காலுக்கெல்லாம் நான் சூரியனைப் பார்த்துவிடுவேன். திருத்தணியில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே மூன்று மாடி லாட்ஜ் ஒன்று எழும்பிவிட்டதால், நேரில் பார்க்க எட்டு மணி வரை காத்திருக்க வேண்டும். ஆகவே கைபேசியில்தான். பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்று, பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இன்னொன்று என்று சில விண்கலங்கள் ராப்பகலாகச் சூரியனைப் படம் எடுக்கின்றன. அவை இணையத்தில் வந்துவிடுகின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு படத்தில் சூரியன் தங்க நிறம், ஒன்றில் பச்சை, ஒன்றில் கத்தரிப்பூ நிறம். அதெல்லாம் பிரித்துப் பார்க்கும் வசதிக்காக ஏற்றிய சாயம். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி.

இன்னொரு படத்தில் சூரியனே இருக்காது. நடுவில் ஒரு தட்டை வைத்து மறைத்திருப்பார்கள். எதிரே வரும் லாரியின் விளக்கு கூசும்போது உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சாலையைப் பார்ப்போமே, அந்த உபாயம்தான். தட்டின் ஓரத்திலிருந்து வெள்ளைப் புகை குமிழாகக் கிளம்பினால், சூரியன் தன் வயிற்றிலிருந்து எதையோ உமிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். நான் அவற்றை எண்ணி நோட்டில் எழுதுகிறேன். சின்னதுக்கு ஒரு கோடு, பெரியதுக்கு ஒரு வட்டம்.

"ஊரே எழுந்து மலையைப் பாத்து கும்புடுது. இவரு போனைப் பாத்து எண்ணிகினு இருக்காரு" என்று என் மனைவி பால்காரரிடம் சொல்வாள். பால்காரர் நாலு வருஷமாக அதற்குச் சிரிக்கிறார்.

எண்ணுவதற்குக் காரணம் உண்டு. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின், பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கினேன். மாடியில் இருபது மீட்டர் கம்பி கட்டியிருக்கிறேன். திருத்தணிக் குரங்குகள் அதை இதுவரை பதினாலு தடவை அறுத்திருக்கின்றன. அறுக்காத நாட்களில், காலை ஏழு மணிக்கு எங்கள் கூட்டம் கூடும். கோயம்புத்தூர், கொச்சி, கடப்பா, நாகர்கோவில் என்று பல ஊர்களிலிருந்து இருபத்து மூன்று பேர் ஒரே அலைவரிசையில் வந்து, முறைப்படி ஒருவர் பின் ஒருவராகப் பேசுவோம். பேசுவதற்கு விஷயம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. மழை வந்ததா, முழங்கால் எப்படி இருக்கிறது, யார் குரல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. தெளிவுக்கு ஐந்து மதிப்பெண், பலத்துக்கு ஒன்பது. கேட்டது பாதிதான் என்றாலும் முழு மதிப்பெண் போடுவது எங்களிடையே ஒரு மரியாதை.

கூட்டத்தில் எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: இரண்டு நிமிடம் சூரியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குரல் மேலே போய் வானத்தின் உயரத்தில் இருக்கும் ஒரு அடுக்கில் பட்டுத் திரும்பித்தான் கோயம்புத்தூரில் இறங்குகிறது. சூரியனில் ஒரு வெடிப்பு நடந்தால் அதன் கதிர்கள் எட்டேகால் நிமிடத்தில் இங்கே வந்து, அந்த அடுக்குக்குக் கீழே இன்னொன்றைத் தடிக்க வைத்துவிடும். அது எங்கள் குரலை அப்படியே விழுங்கும். அரை மணி, சில நாள் ஒரு மணிக்கும் மேல், ரேடியோவில் பேச்சு மூச்சு இருக்காது. வெடிப்போடு கிளம்பிய புகைமேகம் நடையாக வருவது போல ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வந்து சேரும். வந்து பூமியின் காந்தத்தை உலுக்கும். வடதேசங்களில் வானம் பச்சையும் சிவப்புமாகும். இப்போதெல்லாம் லடாக் வரைக்கும் சிவப்பு தெரிந்து பத்திரிகையில் படம் வருகிறது. நமக்கு இங்கே ஒரு சிவப்பும் கிடையாது, ரேடியோ மட்டும் கெட்டுப்போகும்.

காந்தம் உலுக்கப்படுவதை என் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, ஊறுகாய் பாட்டிலுக்குள் ஒரு காந்தத்தை நூலில் தொங்கவிட்டேன். அதில் ஒட்டிய கண்ணாடித் துண்டு ஒரு ஒளிப்பொட்டைச் சுவரில் போடும். காந்தம் துளி அசைந்தாலும் பொட்டு நகரும். ஒரு செவ்வாய்க்கிழமை பொட்டு முப்பத்தாறு மில்லிமீட்டர் நகர்ந்தது. உடனே கூட்டத்தில் காந்தப்புயல் என்று அறிவித்தேன். மற்ற இருபத்திரண்டு பேரும் தங்கள் ரேடியோப் பெட்டிகளைத் தட்டிப் பார்த்தார்கள். மாலையில்தான் தெரிந்தது, பக்கத்து வீட்டு மாப்பிள்ளை தன் கனமான மோட்டார் சைக்கிளை எங்கள் சுவரோரம் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்.

இதை வைத்து இரண்டு மாதம் என்னை வறுத்தெடுத்தவர் அம்மையார்குப்பத்து நண்பர். ஆர்.கே.பேட்டைப் பக்கம் இருக்கிற நெசவாளர் ஊர் அது. அவர் வீட்டுப் பின்கட்டில் ஆறு விசைத்தறிகள். எனக்கு அறுபத்தொன்பது, அவருக்கு எழுபத்தொன்று. உரிமப் பரீட்சைக்கு நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். தினமும் காலையில் நான் சூரிய அறிக்கை வாசித்து முடித்ததும், "பைக்கு எந்தப் பக்கம் நிக்குதுன்னும் சொல்லிடு" என்பார். இருபத்தோரு பேர் சிரிப்பார்கள்.

அவர் ஒரு நாளும் தன் பெட்டியையோ கம்பியையோ குறை சொன்னதில்லை. சரியாகக் கேட்காத நாளில் சூரியனைத்தான் சொல்வார். "இன்னிக்கு சூரியன் சரியில்ல. ஒரே இரைச்சல். யாரும் பிரியல" என்று சொல்லிவிட்டு, தெளிவுக்கு மூன்று, பலத்துக்கு நாலு என்று மதிப்பெண் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். முதலில் வாரத்துக்கு ஒரு நாள், பிறகு மூன்று, நாலு.

எனக்கோ இது உறுத்தியது. நான் காலையில் பார்த்த படத்தில் சூரியன் குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி சுத்தமாக இருக்கும். அரை மணியில் அவர் சூரியன் கெட்டுப்போச்சு என்பார். மோட்டார் சைக்கிள் கடுப்பும் உள்ளே இருந்தது, அதை மறைப்பானேன். கூட்டத்தில் யாருக்கு யார் குரல் எப்படிக் கேட்டது என்பதையும் குறித்துவைக்கும் நோட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். ஐம்பத்திரண்டு நாள் கணக்கு. அவர் சூரியனைக் குற்றம் சொன்ன நாட்கள் இருபத்தேழு. அவற்றில் விண்கலப் படத்தில் உண்மையிலேயே வெடிப்போ காந்தப் புயலோ இருந்த நாட்கள் ஐந்து. பாக்கி இருபத்திரண்டு நாளும் சூரியன் நிரபராதி. இதைக் கட்டம் போட்டு, சிவப்பு மையில் கூட்டி, படம் பிடித்து, எங்கள் கூட்டத்தின் கைபேசிக் குழுவில் போட்டேன். 'சூரியன் சார்பில் ஒரு விண்ணப்பம்' என்று தலைப்பு வேறு.

நல்ல வரவேற்பு. கைதட்டல் படங்களை எண்ணினேன், பதினெட்டு. நண்பர் ஒன்றும் போடவில்லை.

மறுநாள் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் படத்தில் தட்டைச் சுற்றி முழு வளையமாக வெள்ளைப் புகை விரிந்தது. அப்படி வளையமாக விரிந்தால் மேகம் நம்மை நோக்கி வருகிறது, அல்லது சூரியனுக்கு அந்தப் பக்கமாக நேர் எதிரே போகிறது. படத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். எங்கிருந்து கிளம்பியது என்று தங்க நிறப் படத்தில் தேடினேன். நட்டநடுவில் ஒரு கரும்புள்ளிக் கூட்டத்தின் மேல் பளீரென்றிருந்தது. நம்மை நோக்கித்தான். கொஞ்ச நேரத்தில் படம் முழுக்க வெள்ளைப் பொரி தூவியது போல ஆயிற்று. சூரியனிலிருந்து வேகமாக வந்த துகள்கள் விண்கலத்தின் கேமராவையே அடிக்கும்போது அப்படித் தெரியும். மேகம் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. பாட்டிலில் பொட்டு நகர்ந்தது. இந்தத் தடவை நான் வாசலுக்குப் போய் மோட்டார் சைக்கிள் இல்லை என்று பார்த்துவிட்டு வந்துதான் எழுதினேன்.

அன்றும் அதற்கு அடுத்த நாளும் கூட்டத்தில் ஒன்பது குரல்தான் கேட்டது. அம்மையார்குப்பம் வரவில்லையே என்று கோயம்புத்தூர்க்காரர் கேட்டபோது, "சூரியன்தான்" என்றேன். எனக்கே அது ஆறுதலாக இருந்தது. நான் போட்ட காகிதத்துக்கும் அவர் வராததுக்கும் நடுவில் கொண்டுபோய் வைக்க ஒரு காந்தப்புயல் கிடைத்தது.

புயல் ஓய்ந்தது. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பதினேழு, இருபது, இருபத்திரண்டு. இருபத்து மூன்றாவது ஆள் வரவில்லை. கைபேசியில் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் நோட்டை மறுபடி விரித்து வைத்துக்கொண்டு, அவருக்கு யார் யார் குரல் கேட்கவில்லை என்று தனியாக ஒரு பட்டியல் எடுத்தேன். கொச்சி, கடப்பா, நாகர்கோவில். சரி, வானம் வழியாக வருகிறவை, எப்படியும் போகட்டும். ஆனால் பதினோரு இடத்தில் திருத்தணி என்று இருந்தது. திருத்தணி என்றால் நான்.

என் குரல் அவருக்கு வானத்துக்குப் போய்த் திரும்புவதில்லை. பக்கத்து ஊர். தரையை ஒட்டியே போய்ச் சேர்ந்துவிடும். சூரியனில் எது வெடித்தாலும் அந்த வழிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. இதைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய பெட்டியில் எந்தப் பாகம் கெட்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்ன விஷயம் என்று கேட்டாள், சொன்னேன்.

"நீங்க மைக்ல பேசறது பக்கத்து வீட்டுக்காரங்களுக்கே ஒரு வார்த்தை விடாம கேக்குது. அவருக்கு கேக்கலன்னா பொட்டியையா பாப்பாங்க? காதைப் பாருங்க."

கீரையை ஆய்வதை அவள் நிறுத்தவில்லை. எனக்குத்தான் அடுத்த வரி எழுத வரவில்லை. ஐம்பத்திரண்டு நாள், இருபத்தேழு, இருபத்திரண்டு என்று நான் கட்டம் கட்டிச் சிவப்பு மையில் கூட்டி கூட்டம் முழுக்க அனுப்பியது எதை என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை பஸ் பிடித்தேன். அம்மையார்குப்பத்தில் இறங்கினால் முதலில் ஊர் தெரியாது, சத்தம்தான் தெரியும். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். வாசலில் நண்பரின் மருமகள் நின்றாள். வாங்க என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே விவரம் சொன்னாள். அந்த வீட்டில் தாழ்த்தத் தேவையில்லை. எட்டு மாசமாக மாமாவுக்குக் காது மந்தம். கேட்டால் தறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்பார். தறி நின்ற பிறகும் கேட்காதே, அதை என்ன செய்வார்?

"கரண்ட் போனா போதும் சார், சட்டையை மாட்டிகினு டீக்கடைக்கு கெளம்பிடுவாரு. வீடு அமைதியா இருந்தா மாட்டிக்குவோம்னு. ஒரு நாளைக்கு மூணு தடவை கரண்ட் போச்சுன்னா மூணு டீ."

டாக்டரிடம் கூட்டிப்போய் ஒரு கருவி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அது தறிச் சத்தத்தையும் சேர்த்து உள்ளே அனுப்புகிறது என்று கழற்றி வைத்துவிட்டாராம். ரேடியோவை மூட்டை கட்டியாகிவிட்டது என்றும் சொன்னாள். அரக்கோணத்தில் ஒரு காலேஜ் வாத்தியாருக்குக் கொடுப்பதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகிறார். கூடத்து மூலையில் பழைய வேட்டி சுற்றிய பெட்டியைக் காட்டினாள். அன்று வெள்ளிக்கிழமை.

அவர் பின்கட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. வா என்று கையைக் காட்டிவிட்டு, நாலாவது தறியின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தறியில் நின்ற பெண்ணிடம், குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடா தறியின் இடது பெட்டியில் சரியாக உட்காரவில்லை, இடிக்கிறது, நிறுத்து என்று சைகை செய்தார். அவள் நிறுத்திப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது.

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றோம். நான் சத்தமாகவே பேசினேன். குழுவில் போட்ட காகிதத்தை எடுத்துவிட்டேன் என்றேன்.

"எடுத்தா? எல்லாரும் படிச்சாச்சு. நல்லாத்தான் கட்டம் போட்டிருந்த" என்றார். வேட்டியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். "வீட்ல பழிய தறி மேல போட்டேன். அங்க சூரியன் மேல போட்டேன். ரெண்டும் வாயைத் தொறந்து இல்லேன்னு சொல்லாது பாரு. நீ எங்கிருந்தோ அதுக்கு ஒரு வக்கீலா வந்து சேந்த."

சிரிக்கத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெட்டி போய்விட்டால் இந்த மனுஷனுக்குக் காலை ஏழு மணிக்குப் பேச இந்த ஊரில் தறியைத் தவிர யாரும் இல்லை. எனக்கும் மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கம் என்று கேட்க ஆள் இல்லை.

எனக்கு ஓடிக்கொண்டிருந்தது அந்த உள்ளங்கைதான். நாடா இடிப்பதைக் கையால் படிக்கிறவர், தந்திச் சத்தத்தைப் படிக்க முடியாதா? பரீட்சைக்காக இருவரும் மோர்ஸ் படித்திருக்கிறோம். குட்டையும் நெட்டையுமாக விட்டுவிட்டு வரும் ஒரே சுதி. அவருக்கு அது பிடிக்காது, பாஸ் செய்த மறுநாளே விட்டுவிட்டார். பெட்டியைப் பிரி என்றேன். வேண்டாம் என்றார். ஒரு மணிக்குத் தறிகள் சாப்பாட்டுக்கு நிற்கும், நான் சாப்பிடாமல் காத்திருக்கிறேன் என்றேன். எனக்குச் சர்க்கரை என்பது அவருக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் பிரித்தார்.

ஒரு மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தரை அதிர்வது நின்றது. பெட்டியைப் பாட்டரியில் போட்டு, மாடியில் இன்னும் அவிழ்க்காமல் இருந்த கம்பியோடு இணைத்து, சுதியை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினேன். தனி ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றிவிட்டு, அவருடைய வலது ஆள்காட்டி விரலைப் பிடித்து அதன் நடுக் காகிதத்தில் வைத்தேன். அலைவரிசையின் கீழ்க்கோடியில் யாரோ ஒருவர் தன் அழைப்புக் குறியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். யாராவது பேச வருகிறீர்களா என்று கேட்கிற அழைப்பு அது.

முதல் இரண்டு சுற்றில் ஒன்றும் பிடிபடவில்லை. முகத்தைச் சுளித்தார். மூன்றாவதில் இடது கையால் தொடையில் தட்ட ஆரம்பித்தார். நாலாவதில் "இலங்கைக்காரன்" என்றார். அழைப்புக் குறியில் நாட்டைக் காட்டும் முதல் எழுத்துகள் அதைத்தான் சொல்லின. மருமகள் சோற்றுக் கரண்டியோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்னுபோச்சு" என்றார் திடீரென்று.

விரல் நழுவியிருக்கும் என்று நினைத்து அதைச் சரியாக வைக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். அப்புறம்தான் நானும் கவனித்தேன். இலங்கைக்காரர் மட்டுமல்ல, பின்னால் எப்போதும் இருக்கும் இரைச்சலும் அடங்கியிருந்தது. கம்பி அறுந்தால்கூட இப்படி இருக்காது. மாடி ஏறிப் பார்த்தேன், கம்பி இருந்தது. பாட்டரி இருந்தது. இறங்கி வந்தபோது அவர் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"சூரியன்யா" என்றார். "இன்னிக்கு நெஜமாவே."

கைபேசியை எடுத்தேன். விண்கலப் படம் சுடச்சுட வராது, கால் மணி இருபது நிமிடம் பிந்தித்தான் வரும். கைபேசியில் இருந்த சூரியன் பழைய சூரியன், சாதுவாக இருந்தது. நான் நம்பாமல் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிடு என்றார். சாம்பாரும் கத்தரிக்காயும் இருந்தது. இரண்டாவது சோறு போடும்போது புதுப் படம் வந்தது. வலது ஓரத்தில் இருந்த கரும்புள்ளிக் கூட்டத்தின் மேல் கண் கூசும் வெள்ளை. கேமராவே தாங்காமல், அந்த இடத்திலிருந்து படத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தது. நேரத்தைக் கழித்துப் பார்த்தேன். அவர் நின்னுபோச்சு என்று சொன்ன நேரம்தான்.

படத்தை அவரிடம் நீட்டினேன். ஒரு பார்வை பார்த்தார். "ஆங், அதான் சொன்னேனே" என்று திருப்பிக் கொடுத்தார். எழுதிக்கொள் என்று அவர் சொல்லவில்லை. நான் எழுதிக்கொண்டேன்.

இரண்டு மணிக்குத் தறி ஓட்டுகிறவர்கள் திரும்பினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்று மருமகளே அவர்களை வாசலில் நிறுத்தி வைத்தாள். ஏன் என்று அவர்கள் கேட்க, மாமா வேலையாக இருக்கிறார் என்றாள். இரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு, ஸ்பீக்கரில் விரல் வைத்திருந்த அவர், என் காதில் ஒன்றும் விழாதபோதே தலையை ஆட்ட ஆரம்பித்தார். அரை நிமிடம் கழித்துத்தான் எனக்குக் கேட்டது. இரைச்சல் மெல்ல மேலே வந்தது, அதன் அடியில் நூல் போல இலங்கைக்காரர். ஒரு மணி நேரமாகத் தன்னை யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தோ தெரியாமலோ, மனுஷன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நண்பர் மூட்டைக்குள் கையை விட்டு, பஞ்சுத் தூசி படிந்த, மோர்ஸ் தட்டுகிற சாவியை எடுத்தார். வேட்டி முனையால் துடைத்தார். தன் அழைப்புக் குறியை அடித்தார். இரண்டு இடத்தில் தவறு, திருத்திக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது. சந்தோஷத்தில் தட தடவென்று வேகமாக வந்தது. நண்பரின் இடது கை தொடையில் தட்டிப் பார்த்து, தடுமாறி, நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். இலங்கைக்காரர் என்ன சொன்னார் என்று நான் சொல்லிவிட்டிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

கேட்கவில்லை என்றால் எங்கள் வழக்கத்தில் இரண்டு பதில் உண்டு. இரைச்சல் அதிகம் என்று அடிக்கலாம். அதற்குச் சூரியன் பொறுப்பு. மெதுவாக அனுப்புங்கள் என்று கேட்கலாம். அது நம் பொறுப்பு. இரண்டுக்கும் மூன்று மூன்று எழுத்துச் சங்கேதம்தான்.

விரலை ஸ்பீக்கரில் வைத்தபடியே, சாவியில் கையை வைத்து, மெதுவாக அனுப்புங்கள் என்று அடித்தார்.

இலங்கைக்காரர் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற வேகத்தில், முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.